காலி வண்டி எடை

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. சாலையோரம் பதித்த நீளமான இரும்புத் தகடும், பக்கத்தில் ஒரு கண்ணாடி அறையும்தான் அவருடைய ராஜ்ஜியம். வண்டி தகட்டில் ஏறி நிற்கும், அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும், தராசு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். சரக்கோடு நிற்கும் எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் சரக்கின் எடை. இந்த ஒரே கழித்தல் கணக்கில் பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டார்.

அவரிடம் யார் ஜம்பமும் பலித்ததில்லை. போன வாரத்துக் காலி வண்டிச் சீட்டை நீட்டி, அதே வண்டிதானே அண்ணே என்று குழைகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாரத்தில் டீசல் குறைந்திருக்கும், பலகை ஏறியிருக்கும், கிளீனர்கூடப் பெருத்திருப்பான் என்று சொல்லி, வண்டியைக் காலியாக மறுபடி ஏற்றவைப்பார்.

அவரையே ஏமாற்றிய ஒரே ஜீவன் மூட்டை. உள்ளங்கை அளவுக் குட்டியாக வந்தபோது கேலிக்கு வைத்த பெயர் அது. நாய் அந்தக் கேலியை உத்தரவாக எடுத்துக்கொண்டது. தகட்டில் ஏறும் ஒவ்வொரு வண்டியிடமும் ஒரு பிஸ்கட்டோ பன்னோ வசூலித்து, ஆறு வருடத்தில் பெயருக்கு மரியாதை செய்துவிட்டது.

லாரி டயருக்கும் மூட்டைக்கும் பழைய சிநேகம். ஒருநாள் காலைத் தூக்கியபடி ஐந்து நிமிடம் நின்றது. விழுந்தது நாலு சொட்டு, அதுவும் சிவப்பு. சிறுநீர்ப்பையில் கல், அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆனால் இதயமும் பலவீனம். முப்பத்துநாலு கிலோவில் மயக்க மருந்து கொடுத்தால் கண் திறக்காமலே போகலாம். ஒரு மாதத்தில் முப்பதுக்குக் கொண்டுவாருங்கள், அதுவரை மாத்திரை தாங்கும். நடுவில் கல் வழியை அடைத்துக்கொண்டால் அன்றைக்கே அறுக்கவேண்டியிருக்கும், அப்போது நான் எந்த உறுதியும் தரமுடியாது என்று உடைத்துச் சொல்லிவிட்டார்.

தராசு வீடு திரும்பும்போது நாயை மடியில் போட்டுக்கொண்டு, நாலு கிலோ, நாலு கிலோ என்று முணுமுணுத்தபடி வந்தார். அன்றோடு வசூலுக்குத் தடை. அவித்த பூசணியும் அளந்து வைத்த கோழியும்தான் சாப்பாடு. மூட்டை அந்தப் பூசணியைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரம். குலுங்கினால் ரத்தம் கூடியது. அதனால் வீட்டில் மகளுடைய சின்ன எடைக் கருவியிலேயே பார்த்தார்கள். மூட்டைக்கு அதில் இரண்டு காலுக்குத்தான் இடம். ஆகவே தராசு அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். முதல் நாள் அவர் எழுபத்தெட்டு, நாயோடு நூற்றுப்பன்னிரண்டு. ஞாயிறுதோறும் ஏறினார். நாலாவது ஞாயிறு நூற்றெட்டு. தெருவுக்கே கேட்கிற மாதிரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு வியாழக்கிழமைக்குத் தேதியும் வாங்கிவிட்டார்.

அவருடைய மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கணவரின் பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, காலி வண்டிய எடை போட்டீங்களா?"

கேட்டது புரிய அவருக்கு ஒரு நொடி ஆனது. நாயை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினார். எழுபத்தைந்து.

மூன்று கிலோ இளைத்தது அவர். நாய் ஒன்றே ஒன்று. பசியோடு அது பார்த்துக்கொண்டிருக்கையில் கவளம் இறங்காமல், மாதம் முழுக்க மதியச் சாப்பாட்டை மூடிவைத்தது அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய சீட்டை நீட்டுகிற லாரிக்காரன் செய்கிற அதே தப்பு.

போனை எடுத்தார். பத்தொன்பது வருடம் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை வந்தது. "டாக்டரம்மா, தப்பு என்னோடது. இன்னும் மூணு கிலோ இருக்கு. தேதிய தள்ளி வைங்க." அந்தப் பக்கம் மூன்று வாரம் தந்தார்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று எண்ணச் சொல்லி.

மறுநாள் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது: மூட்டைக்குத் தின்னக் கொடுக்கும் வண்டி மூன்று முறை எடை போடப்படும். அன்று மதியமே ஒரு ஓட்டுநர் அறைக்குத் தெரியாத பக்கத்து ஜன்னல் வழியாகக் கேக் வீசி மாட்டினார். மூன்று முறை ஏறி இறங்கி முடிப்பதற்குள் பின்னால் பதினோரு வண்டி ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகு ஓட்டுநர்களே ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். ஒவ்வொரு வண்டி இறங்கியதும் தராசு நாயை அழைத்துக்கொண்டு தகட்டைச் சுற்றி ஒரு நடை போவார். மதியம் கதவைத் தாழிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். கண்ணாடிக்கு வெளியே மூக்கு அழுந்துகிற சத்தம் கேட்கும். திரும்பமாட்டார். இரண்டாவது வாரம் ஒரு காலை முழுக்க மூட்டை சொட்டுகூட விடவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறப்போகிற நேரத்தில் அது ஆட்டோச் சக்கரத்தையே நனைத்தது. ஆட்டோக்காரர் திட்டத் திட்ட, தராசு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிறுதோறும் இப்போது இரண்டு எடை. முதலில் காலி வண்டி.

அறுவைச் சிகிச்சை நாளில் மருத்துவமனைத் தகட்டில் மூட்டை தானாகவே ஏறி உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த தொழிலாயிற்றே. முப்பது கிலோ இருநூறு கிராம்.

"இருநூறு கிராம்லாம் பரவாயில்ல சார்," என்றார் டாக்டரம்மா.

"உங்களுக்குப் பரவாயில்லம்மா."

குனிந்து, நாயின் கழுத்திலிருந்து பித்தளை மணி தொங்கிய தோல் பட்டையைக் கழற்றினார். இருபத்தொன்பது கிலோ தொள்ளாயிரம். எழுதிக்கொள்ளச் சொல்லி, எழுதியதை எட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நாயை விட்டார். அது திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது. உள்ளே பிஸ்கட் இருக்கும் என்று நினைத்திருக்கவேண்டும்.

கதவு மூடியது. மனைவி சாப்பாட்டு டப்பாவை அவர் மடியில் வைத்தார். இப்போது யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் அவர் கை பட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க. வெளிய வந்தா பத்து நாளைக்கு நீங்கதான் தூக்கணும். முப்பது கிலோ."

"இருபத்தொன்பது தொள்ளாயிரம்," என்றார் தராசு. பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.