தறிக்குழிக்கு மேலே போட்ட பலகை

காலை 7.10. செங்கல்பட்டில் நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். காஞ்சிபுரம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் என் அம்மா எழுபத்தாறு வயதுவரை அந்த ஊரில் கால் வைத்ததில்லை. காரணம், அவளுடைய எள்ளுத்தாத்தா.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் அவர் காஞ்சிபுரத்தில் தறி வரி வசூலித்த அதிகாரி. ஆவணக் காப்பகத்தில் நான் தேடியபோது அவர் பெயரும் பதவியும் மட்டுமே கிடைத்தன. ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதைதான் உண்டு. ஒரு நெசவாளி வீட்டில் தரையைத் தடியால் தட்டிப் பார்த்தாராம். பலகைக்கு அடியில் தறிக்குழி! வரிக்குப் பயந்து தறியை மறைத்திருக்கிறார்கள் என்று, மேலே படுத்திருந்த பிள்ளை பெற்றவளைக் கைக்குழந்தையோடு எழுப்பிவிட்டுப் பலகையைப் பெயர்த்தாராம். உன் வீட்டுப் பெண்கள் உடம்பில் எங்கள் பட்டு ஏறாது என்று அவள் சபித்தாளாம். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் காஞ்சிப் பட்டு கட்டியதில்லை. அம்மா மணவறையில் உட்கார்ந்ததே சின்னாளப்பட்டிச் சேலையில்தான்.

வருகிற தையில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அதற்காவது பட்டு கட்டிக்கொள் என்று அடம்பிடித்தேன். "அந்தத் தறிக்காரங்க வாயால சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், பார்க்கலாம்" என்றாள் அம்மா. சபித்தவள் பெயர்கூடத் தெரியாது. இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை வாங்கக் கிளம்பிவிட்டோம்.

8.40. காஞ்சிபுரத்தில் இறங்கி, ஆட்டோக்காரர் அன்வர் பாயிடம் பிள்ளையார்பாளையம் போக நூற்றிருபது ரூபாய் பேசினேன்.

"கடைக்காமா, தறிக்கா?"

"தறிக்கு."

"அப்போ கஸ்தூரியக்கா வூட்டுக்குப் போலாம். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமே நெய்யறாங்க. எனக்குக் கமிஷன்லாம் இல்லமா, பயப்படாதீங்க."

தெரு நெடுகப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை ஆட்டோவில் ஓரமாகக் காத்திருந்தோம். கஸ்தூரியம்மா வீட்டு வாசலில் அம்மா இறங்க மறுத்துவிட்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். கதை முழுவதையும் சொன்னேன். அவர் ஊடைநூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"அது மறைக்கிறதுக்கு மூடினது இல்லமா. பச்ச உடம்புக்காரி இருக்கிற வூட்ல குழியைத் தொறந்து வெக்க மாட்டோம். காத்து கருப்பு அண்டும்னு பலகை போட்டுடுவோம். என் பெரியவன் பொறந்தப்பகூட இதே குழி நாப்பது நாளு மூடித்தான் இருந்துச்சு."

கறாரான மனிதர், தன் கடமையைச் செய்தார் என்று இத்தனை தலைமுறை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவும் போயிற்று. ஒரு தப்பும் செய்யாதவளைத்தான் அவர் எழுப்பியிருக்கிறார். "அப்போ அவங்க சபிச்சது நியாயம்தான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

கஸ்தூரியம்மா சிரித்துவிட்டார். "பச்ச உடம்போட எழுப்பிவுட்டா எவதான் திட்ட மாட்டா? அந்த நாப்பது நாள்ல நான் என் மாமியாரு, வூட்டுக்காரரு, பால்காரன் ஒருத்தரையும் வுட்டுவெக்கல. அதெல்லாம் பலிச்சிருந்தா இந்தத் தெருவுல ஆளே இருக்காது. உங்கம்மா எங்க?"

குழியிலிருந்து எழுந்து நேராக ஆட்டோவுக்கே போய் அம்மாவின் கையைப் பிடித்தார்.

"வாங்கமா உள்ள. திட்டினவளும் தறிக்காரிதான், நானும் தறிக்காரிதான். நான் சொல்றேன், கட்டிக்கங்க. என்னா கலர்ல நெய்யட்டும்?"

அம்மா கண் கலங்குவாள், யோசித்துச் சொல்கிறேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அரக்கு. பச்சைக் கரை. முந்தியில மயில் வேண்டாம், அன்னம் போடுங்க. ஜரிகை ரொம்ப வேண்டாம்" என்றாள், ஒரே மூச்சில்.

மதியம் 12.20. திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஊர் தாண்டியதும் கேட்டேன்: "இதையெல்லாம் எப்பம்மா யோசிச்சு வெச்சே?"

"உங்கப்பா என்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போன அன்னிக்கு" என்றாள் அம்மா.