எர்லிந்தா கூட்டும் படிகள்

எங்கள் பெத்தேன் காட்டுக்குள் கிடக்கும் பழைய மாயா நகரத்துக்கு நான் காவலாளி. அங்கே கோபுரப் படிகளைக் கூட்டுகிறவள் என் அக்கா எர்லிந்தா. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "அந்த அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

முன்பு அப்படி நகர்கிறவளா அவள்? "எங்க பாட்டன் கட்டின படி இது, நீ தள்ளி நில்லுய்யா!" என்று சொல்லிவிட்டு, காடே அதிரச் சிரிப்பாள்.

அவள் மகள் ஒடிலியா நாலு வயதில் அந்தப் படியில் சறுக்கி விழுந்தாள். அடி ஒன்றுமில்லை, பயம்தான். அன்றிலிருந்து சோள ரொட்டியைத் தொடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. பயந்தவரின் ஆவி அந்த இடத்திலேயே தங்கிவிட்டால், அங்கேயே போய்ப் பெயர் சொல்லித்தான் கூட்டிவர வேண்டும்.

பொழுது சாயும் நேரம் நானும் அக்காவும் போனோம். அவள் குங்கிலியம் புகைத்து, மலைத்தெய்வத்துக்குக் கொக்கோ விதை வைத்து, நெடுநேரம் முணுமுணுத்தாள். பிறகு மகளின் சட்டையால் படியை அடித்தாள்.

"ஒடிலியா, எந்திரிடி கண்ணு. இங்க இருக்காத. வீட்டுக்குப் போலாம் வா."

சட்டையைத் தரையில் இழுத்தபடி, கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். கூட வந்தவரின் ஆவியும் தங்கிவிடக் கூடாதென்று அவர் பெயரையும் சொல்வது வழக்கம். "எர்லிந்தா, நீயும் வா" என்றேன்.

அக்கா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

"என்னக் கூப்பிடாதடா! மலைச்சாமி பிள்ளையச் சும்மா விட்டுருமா? அவளுக்குப் பதிலா நான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் ஒடிலியா ரொட்டி கேட்டாள். அக்கா சுட்டுப் போட்டாள். பிள்ளை பிழைத்ததற்கு முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லை. அதன்பின் அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை.

ஒடிலியா இப்போது வளர்ந்த பெண். அன்று படியில் நடந்ததைப் போன மாதம்தான் அவளிடம் சொன்னேன். வெளுத்து வாங்கிவிட்டாள்.

"இத்தன வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க. நீங்கல்லாம் ஒரு காவக்காரரா மாமா?"

அன்று மாலையே தாயின் சட்டையால் படியை அடித்து, "எர்லிந்தா, வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாள். துடைப்பத்தோடு முன்னால் நடந்துகொண்டிருந்த அக்கா, திரும்பாமலே சொன்னாள்:

"வேணாண்டி. நான் வந்தா நீ போகணும்."

அப்போது எங்களுக்குப் பின்னால், ஆளில்லாத படிகளின் உச்சியிலிருந்து, காடே அதிர ஒரு சிரிப்பு கேட்டது.

ஒடிலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு மாமா அது, அப்படிச் சிரிக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவளுக்கு அந்தச் சிரிப்பு நினைவில்லை.