மாமாவை நினைத்தது யார்?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். (மாமா இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.)

இன்று சாயங்காலம், சுட்ட பலாக்கொட்டையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆலங்காயத்திலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். வாயில் கொட்டை இருந்தாலும் மாமாவுக்குப் பேச்சு நிற்காது. பள்ளியில் கற்ற முதலுதவியை நான் தலையணையை வைத்துப் பழகுவதுதான் இன்றைய கேலி.

"இன்னா டாக்டரம்மா, தலகாணி பொழைச்சிக்கிச்சா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"பொரை ஏறிடுச்சி. யாரோ நெனைக்கிறாங்க" என்று அம்மா அவர் உச்சந்தலையில் தட்டினாள்.

"நான் எதிர்லயே குந்தினு கீறேன். வேற எவ நெனைக்கிறா?" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். (நானும்தான். உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேனே.)

அப்புறம்தான் கவனித்தேன். புரையேறினால் இருமல் வரும். மாமாவிடம் சத்தமே இல்லை. இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்திருந்தார். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"மாமா, பேச முடியுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். ஊரிலேயே அதிகம் பேசுகிறவர்.

"தண்ணி குடுக்காதம்மா! அப்பா, நூத்தியெட்டுக்கு போன் போடு!"

அப்பா சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஓடினார்.

மாமாவை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கி அடித்தேன். வரவில்லை.

அடுத்து வயிற்றை அழுத்த வேண்டும். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் என் கைகள் ஒன்றையொன்று எட்டவில்லை. (தலையணைக்குத் தொப்பை கிடையாது.)

"அத்த, நீ வா. தொப்புளுக்கு மேல முஷ்டிய வை. இன்னொரு கையால அதப் புடி. உள்ளாரயும் மேலயும் சேத்து இழு!"

சாமை மூட்டை தூக்கிப் பழகிய கை. கொட்டை பறந்துபோய் முறத்தில் விழுந்தது.

மாமா இருமினார். இருமலை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை.

அத்தை அவர் சட்டையை விடவில்லை. "பேசு, ஏதாச்சும் பேசு" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து "வாய மூடு" என்று மட்டுமே சொன்னவள்.

"எவளும் நெனைக்கலடி. எமன்தான் நெனைச்சான்" என்றார் மாமா.

ஆம்புலன்ஸ் வந்ததும், "நல்லாத்தான கீறேன்" என்று அடம்பிடித்தார். வயிற்றை அழுத்தினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று ஏற்றிவிட்டேன். காட்டிவிட்டுத் திரும்பியாகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் தலையில் தட்டுவார்கள்தானே? தட்டுவதற்கு முன் இருமல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நன்றாக இருமவிடுங்கள். சத்தமே இல்லையென்றால் நேரம் கடத்தாதீர்கள்.

இப்போது லைட்டை அணைத்துவிட்டார்கள். இருட்டில் யாரோ பலாக்கொட்டை மெல்லும் சத்தம் கேட்கிறது.

பேச்சுச் சத்தம் இல்லை.