சோதனை போடும் ஆலோசகர்

குடி மறுவாழ்வு மையத்து ஆலோசகர் அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் உண்டு: மோப்பக்காரி. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தபோது கோபப்படவில்லை. யார் வைத்தது என்று மட்டும் துருவித் துருவி விசாரித்தாள்.

அவளிடம் வருகிற ஆள் முதலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பற்பசைக் குழாயை அழுத்திப் பார்ப்பாள், ஷாம்பூ பாட்டிலை முகர்ந்து பார்ப்பாள். மாத்திரை போட்டுவிட்டேன் என்பவனிடம் "நாக்கைத் தூக்கு" என்பாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் "உக்காருங்க, சொல்லுங்க." சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். ஆள் அந்தப் பக்கம் போனதும் வீட்டுக்குப் போன் போட்டுச் சரிபார்ப்பாள். சொந்த வீட்டிலும் இதே கூத்துதான். அவள் கணவர் பஸ் பணிமனை மெக்கானிக், ஆயுளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். கொஞ்சம் தாமதமாகிவிட்டால் வாசலிலேயே நின்று, "உள்ள வரட்டுமா, இல்ல ஊதிக் காட்டட்டுமா?" என்று கேட்பார். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்பார். அவள் சில நாள் நிஜமாகவே ஊதச் சொல்லியிருக்கிறாள்.

பிறவியிலேயே இப்படி இல்லை. அவளுடைய அண்ணன் "இதுதான் கடைசி, உன் மேல சத்தியம்" என்று சொன்னபோதெல்லாம் அவள் நம்பினாள். அம்மா நம்பவில்லை, அண்ணி நம்பவில்லை. இவள் மட்டும் நம்பி, அவர்களோடு சண்டையும் போட்டாள். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவன் தலையணைக்கு அடியில் பாட்டில் இருந்தது. அவன் போன பிறகு, இனி எவனும் என் காதில் பூச்சுற்ற முடியாது என்ற வைராக்கியத்தில்தான் இந்தத் தொழிலுக்கே படித்தாள். அறைக் கதவில் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிய அன்று, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அழுதாள்.

அந்தப் பலகைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. நாடு முழுவதற்கும் பொதுவாக, ஆலோசகர் என்றால் யார், அவர் வேலை எது, அது எங்கே முடிகிறது என்று வரையறுக்கப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒருவர், கல்யாணத் தகராறுக்கு ஒருவர், தொலைபேசியில் ஒருவர் என்று ஆளுக்கொரு விதமாக நடத்துகிற தொழிலுக்கு ஒரே இலக்கணம். வரைவு ஒன்று மையத்துக்கு வந்தது. அவள் அதை நடுப்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வில்லங்கத்தை எவனும் முதல் பக்கத்தில் வைக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. வருபவரின் உடலையோ உடைமைகளையோ சோதிப்பது ஆலோசகரின் பணியாகாது, அதைச் செய்பவர் ஆலோசகராகப் பதிவு பெற முடியாது என்று இருந்தது.

"இது நம்மளக் குறி வெச்சு எழுதினது சார்," என்றாள் இயக்குநரிடம்.

"பொதுவாத்தானேம்மா எழுதியிருக்காங்க."

"பொதுவா எழுதினா இவ்வளவு கச்சிதமா வந்து பொருந்தாது."

அவர் பதற்றமே இல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆலோசகர் பலகையை இறக்கிவிட்டு வார்டு கண்காணிப்பாளர் என்று மாட்டிவிட்டால் இவருக்கும் சௌகரியம்தானே என்று அவர் பெயரையும் மனசுக்குள் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. எல்லாருடைய முகமும் தெரிகிற மாதிரி சுவரோரமாக ஒரு நாற்காலி பிடித்தாள். வரைவுக் குழுவில் ஒல்லியாக, நரைத்த தாடியோடு ஒருவர் இருந்தார். அவளைப் பார்ப்பார், அவள் திரும்பினால் கண்ணை எடுத்துவிடுவார். இந்தக் கள்ளப் பார்வை அவளுக்குப் புதிதா என்ன? எழுதினது இவன்தான் என்று தீர்மானித்துவிட்டாள்.

அவள் முறை வந்தது. எழுந்து, தன் துருப்புச்சீட்டை எடுத்து வீசினாள்.

"எங்ககிட்ட ஒரு ஆள் இருந்தான். ஒரு நாள் கையில ஆரஞ்சுப் பழத்தோட என் ரூமுக்கு வர்றான். நேரா என் மேசை மேலயே வெக்கிறான். அவ்வளவு நெஞ்சழுத்தம். ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் போனான், நீ இருன்னு சொல்லிட்டுப் பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தேன். காம்புகிட்ட ஊசி ஓட்டை. உள்ள பூரா சாராயம். வார்டையே கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டினேன். இப்ப சொல்லுங்க, சோதனை போடாம இவங்களுக்கு எப்படி ஆலோசனை சொல்றது?"

அரங்கம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். கூட்டத்தை நடத்திய ஒருங்கிணைப்பாளர் அம்மாகூடச் சிரித்தார். தாடிக்காரர் சிரிக்கவில்லை.

"அந்த வரியை எழுதினது நான்தாங்க," என்றார். "அந்தப் பழமும் என்னுதுதான்."

மையத்தில் இருந்த நாளில் அவர் பருத்த உடம்பும் மழித்த முகமுமாக இருந்தார். மோப்பக்காரிக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"பார்க்க வந்த கூட்டாளி குடுத்துட்டுப் போனான். ரெண்டு நாளா தொடாம வெச்சிருந்தேன். இனிமே முடியாது, இதை நீங்களே வாங்கிக்கோங்கன்னு சொல்லத்தான் எடுத்துட்டு வந்தேன். நீங்க ஓட்டை தேட ஆரம்பிச்சிட்டீங்க. வார்டே பார்த்துச் சிரிச்ச பிறகு, சொல்றதுக்கு என்ன இருக்கு? வெளிய போனதும் மறுபடி ஆரம்பிச்சேன். அடுத்த தடவை வேற ஊர்ல, வேற ஒருத்தர்கிட்டதான் சொல்ல முடிஞ்சுது. அதுக்குள்ள என் பொண்டாட்டி குழந்தைகளோட போயிட்டா."

பொய் சொல்கிறான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவர் குரலை, கையை, கண்ணைப் பார்த்தாள். எதுவும் அகப்படவில்லை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாட்சி சொன்னவளே அவள்தானே. மேசை மேலயே வைத்தான் என்று இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒளிக்க நினைக்கிறவன் எதற்கு அவள் மேசையில் கொண்டுவந்து வைக்கப்போகிறான்? வீட்டுக்காரர் மூச்சைக்கூட நம்பாதவளுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் எழவில்லை.

"உங்க ஆட்சேபணையைப் பதிவு பண்ணிக்கவாம்மா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

"வேண்டாம். அந்த வரி அப்படியே இருக்கட்டும்."

"அப்ப உங்க மையத்துல பையைச் சோதிக்கிறது யாரு?"

"அதை நானே பண்ணிக்கறேன்," என்றாள். "அவங்க சொல்றதைக் கேக்கறதுக்குத்தான் வேற ஒரு ஆள் வேணும்."