எனக்கு விழுந்த வசனம்

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு எவர்சில்வர் தட்டு சுற்றி வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருடம் முழுவதும் நம்முடையது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே, வலையில் என்ன பட்டது என்று விசாரிப்பதுபோல, "உனுக்கு இன்னா விழுந்துச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

இந்தப் புத்தாண்டில் ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் அட்டையை எடுத்தேன். "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்றிருந்தது.

படகு ஓட்டும் என் கணவர் எட்டிப் பார்த்தார். "சூப்பரு. போட்டு ஓட்றவனுக்கு வர வேண்டியது உனுக்கு வந்துகீது. மாத்திக்கலாமா?"

சிரித்து வைத்தேன். ஆனால் அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆபத்து வரப்போவதில்லை என்றால் இப்படி ஒரு வாக்கு எதற்கு? இந்த வருடம் என்னையும் என் மகளையும் தண்ணீர் ஏதோ செய்யப்போகிறது, அதைத்தான் தேவன் முன்கூட்டியே சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஆறுதலாக வந்த வசனத்தை நானே எச்சரிக்கையாக மாற்றிக்கொண்டேன்.

என் மனம் அப்போது அப்படித்தான் வேலை செய்தது. மகள் பிறந்ததிலிருந்து தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். கையை எடுத்ததும், சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். மறுபடி வைப்பேன். பொன்னேரியில் கல்லூரி முடித்தவள் நான். படித்த படிப்பெல்லாம் போனில் நோய்களின் பெயர்களைத் தேடுவதற்குத்தான் உதவியது. கை நடுங்கி ஒருநாள் பால் பாட்டிலைத் தவறவிட்டபோது, கணவர் என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

அங்கிருந்த டாக்டரம்மா, பிள்ளை பெற்ற பலருக்கும் இது வருவதுதான் என்று சொல்லி மாத்திரை எழுதினார். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடப் பழக்கினார். "உங்களுக்குத் தைரியம் தர்ற வரி ஏதாவது இருந்தா மூச்சோட சேர்த்துச் சொல்லுங்க. வசனமா இருந்தாலும் சரி, நீங்களா சொல்ற வார்த்தையா இருந்தாலும் சரி" என்றார்.

அதிலும் எனக்குச் சந்தேகம். தேவனுடைய வார்த்தையை இருமல் மருந்துபோல வேளைக்கு வேளை எடுத்துக்கொள்ளலாமா? மாத்திரை போடுகிறேனே, அது விசுவாசக் குறைவா? பாஸ்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணாடி போட்டுனுதானே பைபிள் படிக்கிறேன்? அது விசுவாசக் குறைவுன்னா எனுக்கும் குறைவுதாம்மா. மாத்திரையப் போடு, வசனத்தையும் சொல்லு."

அப்படிச் சொல்லத் தொடங்கினேன். மூச்சை இழுக்கும்போது "பயப்படாதே", விடும்போது "நான் உன்னுடனே இருக்கிறேன்". அது ஒட்டிக்கொண்டது. நானாகச் சொல்லிக்கொள்ளும் வரிதான் வரவில்லை. "நான் நல்ல அம்மா" என்று தொடங்கினால் பொய்சாட்சி சொல்வதுபோல நாக்கு நின்றுவிடும். அதனால் அதைக் குறைத்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று வைத்துக்கொண்டேன். அது பொய் இல்லை.

மூக்கடியில் விரல் வைப்பது குறைந்தது. தூக்கம் வந்தது. அந்த நேரத்தில்தான் புத்தாண்டு அட்டை வந்து சேர்ந்தது.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போவதானாலும் போட்டில்தான் போக வேண்டும். அட்டை விழுந்த நாளிலிருந்து நான் போட்டில் கால் வைக்கவில்லை. தலைவலி என்பேன், காற்று அதிகம் என்பேன், வீட்டில் வேலை என்பேன். வேலையைத் தட்டாத மருமகள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா வீட்டுக்குப் போகவில்லை. டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன், மாத்திரையைக் கணவர் வாங்கி வந்தார்.

மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது தட்டம்மை ஊசி போட வேண்டியிருந்தது. நர்ஸம்மா எங்கள் ஊருக்கு வந்த அன்று குழந்தைக்குக் காய்ச்சல். ஊசி தள்ளிப்போனது. பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

காய்ச்சல் விட்டதும் மாமியார் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவர்போலக் கணவரிடம் சொன்னார்: "நைனா, நாளிக்குக் காலைல நானும் நீயும் கொழந்தைய எட்த்துனு போய் வந்துர்லாம். அவ ஊட்லயே இருக்கட்டும், பாவம்."

அந்தப் "பாவம்" என்னைக் குத்தியது. அவர் அன்பாகத்தான் சொன்னார். என் மகள் ஊசி வலியில் அழும்போது வேறொருவர் தோளில் இருப்பாள். நான் கரையில் நின்றுகொண்டிருப்பேன். இந்த முறை விட்டால் இனி எல்லாவற்றுக்கும் கரையிலேயே நிற்பவளாகிவிடுவேன் என்று தோன்றியது.

மறுநாள் காலை தண்ணீர்க் குடத்தோடு ஏரிக்கரையில் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா சேற்றில் தடவி இறால் பிடித்துவிட்டுக் கரையேறினார். இறால் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்வியிருந்தார். கீழே வைத்துவிட்டு, "இன்னாமே, பேயறைஞ்ச மாரி நிக்கிற?" என்றார்.

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். அட்டை, தண்ணீர், எச்சரிக்கை, எல்லாம்.

சிரிக்கத் தொடங்கிய அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடியே! எங்கூட்டுக்காரருக்கும் அதாண்டி விழுந்துச்சு. என் நாத்தனாருக்கும் அதான். தண்ணியில பொழைக்கிற ஊராச்சேனு பாஸ்டரு அந்த வசனத்தையே கட்டுக்கட்டா அடிச்சினு வந்தாரு. பாதி ஊருக்கு அதான். தோ பாரு!"

அவர் காட்டிய இடத்தில் அவர்கள் வீட்டு பைபர் போட்டு நின்றது. அதன் மூக்கில் என் வசனம், பாலித்தீன் உறை போட்டு ஒட்டியிருந்தது. வெயிலில் பாதி வெளுத்திருந்தது. தினமும் அந்த அட்டையோடு அக்காவின் கணவர் தண்ணீரில் இறங்கி மீனோடு திரும்பியிருக்கிறார்.

"எல்லாரும் அத்த நம்பித் தண்ணிக்குப் போறோம். நீ ஒருத்திதாண்டி அத்தப் பார்த்துத் தண்ணியவே வுட்டுட்ட. படிச்சவளாம்!"

நானும் சிரித்தேன். நெடுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்ததால் பயம் போய்விடவில்லை. குடத்தைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தேன். குழந்தையின் தொப்பியைத் தேடி எடுத்தேன். "நானும் வரேன் அத்தை" என்றேன்.

போட்டில் ஏறியதும் மூச்சை இழுத்தேன். நீ தண்ணீர்களைக் கடக்கும்போது. விட்டேன். நான் உன்னோடு இருப்பேன். அந்த வசனத்தை எனக்காகச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும். நடு ஏரியில் போட்டின் அடிப்பக்கம் தரையில் உரசி, இன்ஜின் சேற்றைக் கக்கி நின்றது. போட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. குழந்தை வீரிட்டாள். மாதக்கணக்காக நான் பயந்த அதே காட்சி.

"கொழந்தைய எங்கிட்ட குடும்மா" என்று மாமியார் கையை நீட்டினார்.

கொடுத்துவிடலாம் என்று கை நகர்ந்தது. மூச்சை இழுத்தேன், வசனத்தை வாய்விட்டே சொன்னேன். விட்டேன். மறுபடி சொன்னேன். என் நெஞ்சு தணியத் தணிய, அதில் சாய்ந்திருந்த குழந்தையின் அழுகையும் தணிந்தது.

"வேணாம் அத்தை. நானே வெச்சிக்கிறேன்."

கணவர் தண்ணீரில் குதித்தார். நான் பார்த்தேன். தண்ணீர் அவர் தொடையைக்கூடத் தொடவில்லை. அவர் முதுகைக் கொடுத்துத் தள்ள, போட்டு நகர்ந்தது.

ஊசி போட்டபோது என் மகள் என் தோளில்தான் அழுதாள். என் சேலையில்தான் மூக்கைத் துடைத்தாள்.

திரும்பும்போது முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். இன்ஜின் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. "நான் நல்ல அம்மா" என்று உரக்கச் சொன்னேன். நாக்கு நிற்கவில்லை. இன்னொரு முறையும் சொன்னேன். குழந்தை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

மாத்திரையை டாக்டரம்மா இப்போது குறைத்திருக்கிறார். சில நாள் பயம் வரும். வந்தால் மூச்சும் வசனமும் இருக்கின்றன.

அன்று கரை நெருங்கியபோது அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாமே, தண்ணி இன்னா சொல்லுச்சு?" என்று கத்தினார்.

"முட்டி அளவுதாங்க்கா!" என்று நானும் கத்தினேன். மாமியார் நீட்டிய கையைப் பிடிக்காமல், மகளைத் தூக்கிக்கொண்டு நானே தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தேன்.