வெட்டினவன் வீட்டு அருவாள்

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில் ஒரு பழைய சிவன் கோயில். அதன் கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அழகுமலை மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

கதை இதுதான். அங்கே காடாய்க் கிடந்த காலத்தில், மேயப் போன பசு ஒன்று தினமும் மடி வற்றித் திரும்பியது. பாலை நீதான் திருடுகிறாய் என்று மாட்டுக்காரர் மேய்ப்பவன்மேல் பழி போட்டார். அவன் பசுவின் பின்னாலேயே போய், அது புதருக்குள் ஒரு கல்லின்மேல் பால் சொரிவதைப் பார்த்துவிட்டு, ஆத்திரத்தில் அருவாளை வீசினான். பசு விலக, வெட்டு கல்லில் விழ, கல்லிலிருந்து ரத்தம் கசிந்தது. அந்தக் கல்தான் லிங்கம். பிறகு பாண்டிய ராஜா கருவறை கட்டினார் என்பார்கள். ஜமீன் மண்டபம் எழுப்பியது என்பார்கள். ஊருக்குப் பசுவும் அருவாளும் போதும்.

பசு, வீரையாவின் முன்னோர் வீட்டுப் பசு. வெட்டியவன் அழகுமலையின் முன்னோன்.

அதனால் பங்குனி உத்திரத்தன்று காலையில் வீரையா மேளதாளத்தோடு பால்குடம் கொண்டுவருவார். அந்தப் பசுவின் வழிவந்த மாட்டுப்பால்தான் ஆகும். அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அடுத்து அழகுமலை ஈரத்துண்டோடு வந்து, பழைய அருவாளைச் சாமி முன்னால் போட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “தெரியாமச் செஞ்சுட்டோம், பொறுத்துக்க அப்பனே” என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அதோடு விட்டார்களா? வெட்டின கைதான் மருந்தும் போட வேண்டும் என்று பூசாரி உள்ளே கூப்பிட்டு, லிங்கத்தின் தழும்பில் சந்தனம் தடவச் சொல்வார். அதையும் கடனே என்று செய்துவிட்டு வருவார். வருடம் முழுக்க அவர் வீட்டுக்கு ‘வெட்டினவன் வீடு’ என்றுதான் பெயர்.

அழகுமலைக்குக் கழனி இருந்தது, மலையில் கொஞ்சம் ஏலச்செடி இருந்தது, குறை ஒன்றுமில்லை. ஆனால் வீரையாவின் தோட்டத்தில் காய் பிடித்தால் இவருக்கு வயிறு எரியும். அவர் கூரைக்கு ஓடு மாற்றினால் இவருக்குச் சோறு இறங்காது.

“நமக்கும் காய்க்கத்தான செய்யுது. அவுகளப் பாத்து ஏன் வெந்து சாகுறீக?” என்பாள் மனைவி ஒச்சம்மாள்.

“காயி யாருக்குடி வேணும்? அந்தத் துணி ஒருக்கா என் தலையில ஏறணும்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் கோமாரி நோய் வந்து வீரையாவின் மாடுகள் எல்லாம் போய்விட்டன. அந்த வழியில் மிஞ்சியது, எப்போதோ வீரையா வீட்டிலிருந்து சீதனமாக வந்த கிடாரியின் வாரிசு, அழகுமலையின் தொழுவத்தில் நின்ற ஒரே பசு. அப்போதுதான் கன்று போட்டிருந்தது. கோயில் பெரியதனம் கண்ணுச்சாமி, வீரையாவையும் கூட்டிக்கொண்டு பால் கேட்டு வந்தார்.

“பால் தர்றேன்” என்றார் அழகுமலை. “பரிவட்டம் எனக்கு. அருவாள வீரையா தூக்கட்டும்.”

கண்ணுச்சாமி மறுக்க வாயெடுத்தார். வீரையாதான் முந்திக்கொண்டார். “மச்சான் சொல்றபடியே ஆகட்டும்.”

அழகுமலைக்கு அது சப்பென்று போய்விட்டது. அந்த ஆள் துடிப்பதைப் பார்க்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தது.

உத்திரத்தன்று மேளம் அவருக்காகக் கொட்டியது. பரிவட்டம் ஏறியது. பால்குடத்தைக் கொடுத்துவிட்டு, குடம் கொண்டுவந்தவர் நிற்க வேண்டிய இடமான நந்திக்குப் பக்கத்தில் நின்றார். வீரையா அருவாளைப் போட்டு விழுந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லும்போதே குரல் உடைந்து அழுதார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பூசாரி அவரை எழுப்பி உள்ளே கூட்டிப்போனார்.

வீரையாவின் விரல் தழும்பைத் தொட்டது.

அந்தத் தழும்பு அழகுமலையின் விரல்களுக்குத் தெரியும். ஒரு சாண் நீளம், நடுவில் ஆழம், நுனியில் மயிரிழை. பூசாரியைத் தவிர இந்த ஊரில் இதுவரை சாமியைத் தொட்ட கை தன் ஒரு கைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை பங்குனி, ஏதோ சுவருக்குப் பூசுவதுபோலப் பூசிவிட்டு வந்திருக்கிறார். உள்ளே அந்த ஆளோ குழந்தைக்குத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார். அழகுமலைக்கு வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாக.

வெகுநேரம் கழித்து வீரையா வெளியே வந்தார். விரலில் சந்தனம் அப்படியே இருந்தது.

“முப்பது வருசம் மச்சான்” என்றார். “இதே எடத்துல நின்னு ஒங்க கையவே பாத்துக்கிட்டிருந்தேன். பொறாமையில இந்தப் பரிவட்டம் முள்ளாக் குத்தும். கேக்கத்தான் வாயி வரல.”

அழகுமலை அவசரப்பட்டார். “மாப்ளே, என் கிடாரி ஒண்ணு தர்றேன், ஓட்டிக்கிட்டுப் போங்க. அடுத்த வருசம் பழையபடி மாத்திக்கிருவோம்.”

வீரையா சாமி முன்னால் கிடந்த அருவாளை எடுத்துத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நான் இனிமே மாடு வளக்கப்போறதில்ல மச்சான்.”