கோவளத்து மணியார்டர்

செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரி தாண்டி, சயரோகம் பிடித்த பெண்களுக்கென்று ஒரு விடுதி இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே எனக்கு எழுத்து வேலை கிடைத்தது. கணக்கு எழுத வேறொரு பெரியவர் இருந்தார். என் வேலை கடிதம் மட்டும். உதவி கேட்டு ஒரு கடிதம், உதவி வந்தால் நன்றி சொல்லி ஒரு கடிதம், வராதவர்களுக்கு மறுபடியும் ஒரு கடிதம்.

விடுதியை நடத்தியவர் பட்டணத்து ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு டாக்டரம்மா. அரசாங்க மானியம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அரிசிக்கும் பாலுக்கும் ஊராரைத்தான் நம்பியிருந்தோம். கோர்ட்டு வக்கீல்கள், மில்காரர்கள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், மகாபலிபுரம் வரைக்கும் உள்ள கடைக்காரர்கள் என்று விலாசம் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவோம். ஸ்டென்சிலில் எழுதி, மை உருளையை உருட்டி, ஒவ்வொரு தாளாக எடுத்துத் தரையில் காயப்போட வேண்டும். வேலை முடிந்தால் முழங்கை வரை கறுப்பாகிவிடும்.

அந்த வருடத்துக் கடிதத்தை டாக்டரம்மாவே எழுதினார். நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது ரத்தம் கக்கி வயலிலேயே விழுந்த ஒரு இளம் பெண்ணைப் பற்றி அதில் சொல்லியிருந்தார். பெயர் போடவில்லை. எழுதுவதற்கு முன்பு அந்தப் பெண்ணிடம் கேட்டாராம். "எய்திக்கோங்கம்மா, என்ன யாரு தேடி வரப்போறாங்க" என்றாளாம் அவள்.

கடிதத்துக்குப் பணம் வந்தது. பணம் அனுப்பியவர்களுக்கெல்லாம் 'தங்கள் நன்கொடை கிடைத்தது, இறைவன் அருள் புரிவானாக' என்று அச்சடித்த கார்டு போனது. கோவளத்திலிருந்து மட்டும் மாதாமாதம் ஒரு மணியார்டர் வந்துகொண்டிருந்தது. அனுப்புகிறவர் ஒரு பெண். மூன்றாவதோ நான்காவதோ தடவை, மணியார்டரோடு சேதி எழுதி அனுப்பும் கூப்பன் துண்டில் நாலு வரி இருந்தது. அவர் சொல்லச் சொல்லத் தபாலாபீசில் யாரோ எழுதியிருக்க வேண்டும். பேச்சு அப்படியே இருந்தது. "அச்சு கார்டு வாணாம். அத்தினி தபாவும் ஒரே சேதி. அந்தப் பொண்ணு எப்பிடி கீது, அத்த எய்துங்க."

நான் அதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தான் கேட்டிருக்காங்க. போய்ப் பாத்துட்டு வந்து எழுது."

சேர்ந்த நாளிலிருந்து நான் வார்டுக்குள் போனதில்லை. ஆபீஸ் அறை வாசலை ஒட்டி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கொடியில் காயும் சேலைகள் தெரியும், இருமல் கேட்கும். நோயாளிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்களுக்காக உருக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வார்டு வாசலில் நின்றேன். கடைசிக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உள்ள வாங்கம்மா. நான் இப்பிடியே திரும்பிக்கினு பேசறேன். மூச்சு உங்க மேல படாது."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முந்தானையை இறக்கிவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அப்போதும் அவள் திரும்பவில்லை.

கோவளத்தம்மாள் கேட்டதைச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "என்னப் பத்தியா? கோவளத்துல எனக்கு யாரும் இல்லியே" என்றாள். பிறகு வெகுநேரம் யோசித்தாள். "இன்னா எய்தறது… காலைல கஞ்சி குச்சேன்னு எய்துங்க. வாயில ருசியே இல்லன்னு எய்துங்க. இல்ல, அது வாணாம், வருத்தப்படுவாங்க."

ருசி இல்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுதினேன். அதனால் வந்தது கருவாடு.

திருப்போரூர் வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர், வாழைமட்டையில் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். நான் மீன் வாசமே படாத கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவள். கணக்கு எழுதும் பெரியவரும் அப்படியே. அவர் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். நான் அதைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி வார்டு வரை ஓட வேண்டியிருந்தது. வழி நெடுக ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன.

அன்றைக்கு வார்டு சமையலறையில் நெத்திலி வறுத்தார்கள். அவள் சோறு சாப்பிட்டாள். மறு சோறு கேட்டாள். மற்ற கட்டில்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கச் சொன்னாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்போதுதான் முதல் தடவையாக என்னை 'அக்கா' என்றாள். "அக்கா, அந்தம்மாவுக்கு எய்துங்க. ஒரு முள்ளு கூட மிச்சம் வெக்கலன்னு எய்துங்க."

அதன் பிறகு நான் வார்டுக்குப் போகாத நாளே அரிது. கோவளத்துக்கு எழுதுவதைப் போலவே மற்றவர்களுக்கும் எழுதச் சொன்னார் டாக்டரம்மா. ஒரு வக்கீலுக்கு ஒரு நோயாளி, ஒரு மில்காரருக்கு ஒரு நோயாளி என்று சேதி சொல்லி எழுதினேன். "பணம் கேக்கற கடிதம் வேற, இது வேற. இதுல பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. பொய்யும் வரக்கூடாது" என்பது அவர் கட்டளை. பணம் முன்பைவிட அதிகமாகவே வந்தது. சிலர் பழம் அனுப்பினார்கள், ஒருவர் கம்பளி அனுப்பினார். ஆனால் கூப்பனில் பேசியவர் கோவளத்தம்மாள் ஒருவர்தான். கருவாட்டுக் கூடை தூக்கி விற்கிறவர் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. "தலைக்கி எண்ண வெக்கிறாங்களா?" "அவ புருசன் வந்து பாக்கறானா?"

புருஷனைப் பற்றி என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஊரப்பாக்கம் பக்கம் செங்கல் சூளையில் இருந்தான். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வந்து, வேலிக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போவானாம். பிறகு அதுவும் நின்றுவிட்டது. தாய் தகப்பன் இல்லை. "அவரு வரமாட்டாரு அக்கா" என்று ஒருநாள் அவளே சொன்னாள். "வூட்டுக்கு ஆள் வாணுமே, அவரு இன்னா செய்வாரு."

மழைக்காலம் வந்ததும் காய்ச்சல் ஏறியது. அப்போது புதிதாக வந்திருந்த ஊசி மருந்தைப் பட்டணத்திலிருந்து வரவழைத்து அவளுக்குப் போட்டார்கள். ஆனால் நுரையீரல் இரண்டும் அதற்கு முன்பே அரித்துப் போயிருந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கைகழுவப் போனவர் வெகுநேரம் கழுவிக்கொண்டேயிருந்தார்.

அந்த மாதம் கடிதத்துக்காகப் போனபோது அவளால் உட்கார முடியவில்லை.

"தேறிகினு வரேன்னு எய்துங்க அக்கா."

"பொய் எழுதக்கூடாதும்மா."

"பொய்யில்ல அக்கா. அந்தம்மா பாவம், வெயில்ல கருவாட்டுக் கூட தூக்கி விக்கிறவங்க. எங்கனா பஸ் ஏறி வந்துடப் போறாங்க."

ஆபீசுக்கு வந்து எவ்வளவோ தாளைக் கிழித்தேன். கடைசியில் இரண்டையும் எழுதினேன். 'காய்ச்சல் விடவில்லை. டாக்டரம்மா கவலையாக இருக்கிறார். தேறி வருவதாக உங்களுக்கு எழுதச் சொன்னாள்.'

கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே கோவளத்தம்மாள் வந்துவிட்டார்.

கறுத்து உயர்ந்த அம்மாள். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சுருக்குப்பை, தலைமேல் ஒரு கூடை. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீதான் எய்தற பொண்ணா? இன்னாம்மா, சின்ன பொண்ணா கீற. நான் வயசானவன்னு நெனச்சிகினு இருந்தேன். எங்க அவ?"

பார்வையாளர் நேரம் இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் இருமல் சத்தம் வந்த பக்கம் நடந்துவிட்டார். வார்டில் அவர் யாரென்று நான் சொல்லவே தேவையிருக்கவில்லை. கருவாட்டு வாசம் சொல்லிவிட்டது. அந்தப் பெண் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள். அவர் கட்டில் மேலேயே உட்கார்ந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இன்னாத்துக்குத் திரும்பற? நான் உன்னப் பாக்கத்தான் வந்துகீறேன், செவுத்தப் பாக்க வர்ல."

அவள் அழுதாள். அவர் கூடையிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்து, சிக்குப் பிடித்திருந்த அந்தத் தலையை மடியில் வைத்துச் சீவத் தொடங்கினார். அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டேயிருந்தார். எங்கள் கடிதத்தை ஊர்க் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, அதில் புளி மடிக்கப் போனாராம். தாள் நிறைய எழுத்தாக இருக்கிறதே என்று இவர்தான் படிக்கச் சொன்னாராம். இப்போது என் கடிதம் வந்தால் தெருவே கூடிவிடுகிறதாம். பாய் வீட்டுப் பெண்கள் கூட வாசலுக்கு வந்து கேட்கிறார்களாம்.

சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். "முகத்துக்கு நேரா உட்கார்ந்துட்டீங்களே, பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"எம் புள்ளைக்கு இதே சீக்குதான். ஊர்ல வெக்கக்கூடாதுன்டாங்க. மணல்ல தனியா குடிச போட்டு வெச்சோம். நான் தூரக்க நின்னு சோத்த வெச்சிட்டு வந்துடுவேன். மத்த புள்ளைங்க கீதே, அதுங்களுக்கு ஒட்டிக்கும்னு பயம். 'எம்மா, கிட்ட வாம்மா'ன்னு கூப்டுவான். நான் போவல." பஸ் வந்து நின்றது. படியில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். "இனிமே பயந்து இன்னா ஆவப்போவுது."

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை வந்தார். மார்கழி முடிவதற்குள், ஒரு காலை வேளையில், கஞ்சி கொண்டுபோன ஆயா திரும்பி ஓடிவந்தாள். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எண்ணெய் வைத்துப் பின்னிய சடை அப்படியே கலையாமல் தோளில் கிடந்தது.

இரண்டு தந்தி கொடுத்தோம். ஊரப்பாக்கத்துத் தந்தி திரும்பி வந்தது. புருஷன் வேறு சூளைக்குப் போய்விட்டானாம், எங்கேயென்று தெரியாதாம். கேட்பாரில்லாமல் செத்தவர்களை விடுதி ஆட்களே ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைப்பது வழக்கம். குழி வெட்டியாகிவிட்டது. "கோவளத்து பஸ் வர்ற வரைக்கும் இருங்க" என்றார் டாக்டரம்மா.

கோவளத்தம்மாள் தனியாக வரவில்லை. அவர் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் கூட வந்தார்கள். கடிதத்தில் மட்டுமே அவளைத் தெரிந்தவர்கள். ஒருத்தி புதுச் சேலை வைத்திருந்தாள், இன்னொருத்தி கதம்பம் கொண்டுவந்திருந்தாள். முகம் கழுவி, சேலை சுற்றி, பூ வைத்து, பெற்றவள் செய்கிற எல்லாவற்றையும் அவரே செய்தார். குழியருகில் மண்டியிட்டு ஜெபம் சொன்னார். எழுந்து என்னிடம், "அவ சாமி இன்னான்னு கேக்காமயே வுட்டுட்டேன். எங்க சாமிகிட்ட சொல்லிகீறேன், தப்பில்லியே?" என்றார். தப்பில்லை என்றேன். அவர் முதல் பிடி மண்ணைப் போட்டார்.

அடுத்த மாதமும் மணியார்டர் வந்தது. கூப்பனில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது? வேறு யாரைப் பற்றி எழுதுவது? பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பற்றி எழுதலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "நேர்ல போய்க் கேளு" என்றார்.

போனேன். கோவளத்தில் தன் வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பாய் போட்டு, பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வாங்கிக் கொடுத்தார். புதுப் பெண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டப்பு அனுப்பறேன்மா. ஒடம்புல தெம்பு கீற வரைக்கும் அனுப்பறேன். யாரப் பத்தியும் எய்தாத. பேஜாரா கீது. ரெண்டு புள்ளைய வாரிக் குட்துட்டேன், மூணாவது வாணாம்."

"சரிம்மா."

"கோச்சிக்காத."

"இல்லம்மா."

நான் அழுவதை அப்போதுதான் அவர் பார்த்தார். அவள் செத்த நாளிலோ புதைத்த நாளிலோ நான் அழவில்லை. வார்டில் மற்றவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அடக்கி வைத்திருந்தேன். வீட்டில் அழவும் வழியில்லை. விடுதியில் வேலை பார்ப்பதே வீட்டாருக்குப் பிடிக்காது. கருவாட்டு நாற்றத்துக்கு நடுவே, யாரோ ஒருவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"உனக்கும் அவ தங்கச்சிதான" என்றார்.

பஸ் வர நேரமானது. அதுவரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் படகை மேலேற்றுகிறவர்களின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.